குடியாத்தம் ரோட்டில் ஒரு டாக்டரம்மா

ஆரணியில் யாருக்காவது உடம்பு ரொம்ப முடியலைன்னா வீட்டில் வரும் முதல் பேச்சு, வேலூர் கூட்டிட்டுப் போயிடலாமா என்பதுதான். நாற்பது கிலோமீட்டர் போல இருக்கும், விடியற்காலை பஸ் பிடிக்கணும். தறி நெய்கிற வீடாக இருந்தால் அடுத்த பேச்சும் உடனே வந்துவிடும்: பாவு பாதியில் நிக்குதே, யார் முடிக்கிறது? பட்டுப்புடவையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி. மெடிக்கல் லீவ் எல்லாம் நமக்கு அட்டென்டன்ஸ் குறையும்போது மட்டும் ஞாபகம் வரும் வார்த்தை. தறிக்காரருக்கு அது கிடையாது. ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு, கூடப் போகிறவர் கூலியும் போச்சு.

அந்த வேலூர் சிஎம்சியைக் கட்டிய ஐடா ஸ்கடரின் கதையை எல்லோரும் மூன்று கதவு தட்டலோடு நிறுத்திவிடுகிறோம். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது.

ஐடா 1870 டிசம்பரில் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்த டாக்டர். அவருடைய மகன்கள் தொடங்கிய ஆற்காடு மிஷனுக்கு நம்ம ஆரணியும் ஒரு நிலையம். சின்ன வயதிலேயே தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்தவர் ஐடா. பட்டினியில் வந்த பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுக்கும் வேலை அந்தக் குழந்தைக்கும் வந்தது. அதனாலோ என்னவோ, இந்தியாவே வேண்டாம் என்று அமெரிக்காவில் படிக்கப் போய்விட்டார்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890இல் திண்டிவனம் வந்தபோதுதான் அந்த இரவு. பிரசவ வலியில் மனைவி துடிக்கிறாள் என்று ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் உள்ளே வரக்கூடாது. ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த வீடுகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் டாக்டரும் இருந்தார், மருந்தும் இருந்தது. நடுவில் நின்றது வேறொன்று.

ஐடா திரும்பிப் போய் மருத்துவம் படித்தார். 1899இல் கார்னெலில் பட்டம், 1900 பிறக்கும்போது வேலூர். சில மாதங்களில் அப்பாவும் இறந்துவிட்டார். பங்களாவின் ஒரு சின்ன அறைதான் கிளினிக். முதலில் ஆட்கள் வரத் தயங்கினாலும் இரண்டு வருடத்தில் சுமார் 5,000 பேரைப் பார்த்திருக்கிறார். ஷெல் என்ற அமெரிக்கர் தன் மனைவி நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலரில் 1902இல் 40 படுக்கையோடு ஆஸ்பத்திரி வந்தது.

ஆஸ்பத்திரி கட்டியாச்சு, வேலை முடிந்தது என்று அவர் உட்காரவில்லை. படுக்கை இருந்தாலும் வர முடியாதவர் வரமாட்டார் இல்லையா? வண்டிக்குக் காசு வேண்டும், அன்றைய கூலியை விட வேண்டும். அதனால் அவரே கிளம்பினார். 1909இல் ஒரு குட்டி பியூஷோ கார் வந்து சேர்ந்தது. அது வரை காரையே பார்த்திராத கிராமத்து ஜனங்கள் பிசாசு வருது என்று ஓடியதாகச் சொல்வார்கள். வாரம் ஒரு நாள் குடியாத்தம் ரோடு, வழியில் மரத்தடிகளில் நிறுத்தம். கண் நோய், ஆறாத புண், தொழுநோய் என்று எல்லாரும் அங்கேயே காத்திருப்பார்கள். குடியாத்தமும் நம்மைப் போல நெசவு ஊர் என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகணும். மரத்தடியில் புண்ணுக்குக் கட்டுப் போடலாம். ஆனால் கட்டுப் போட்ட காலோடு அந்த ஆள் மறுநாள் சேற்றில்தான் இறங்கணும், ராத்திரி ஒழுகுகிற குடிசையில்தான் படுக்கணும். காரில் எவ்வளவு மருந்து ஏற்றினாலும் வீட்டையும் கூலியையும் ஏற்ற முடியாது.

தான் ஒருத்தி போதாது என்று 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்பது அன்றைய அரசு மருத்துவ அதிகாரியின் கணிப்பு. வந்தது 151. 1922இல் 14 பேர் முதல் அணியாக வெளியே வந்தார்கள். அவர்கள் படித்தது எல்.எம்.பி. என்ற டிப்ளமோ. 1930களின் கடைசியில் சென்னை மாகாண அரசு, இனி டிப்ளமோ கிடையாது, எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்றது. கேட்க நல்ல விதிதான். ஆனால் அதற்கான லேப், பேராசிரியர், படுக்கை எண்ணிக்கைக்குப் பணம் எங்கே? பெண்கள் படிக்கும் பள்ளியே மூடும் நிலை. எழுபது வயதில் ஐடா அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழக இணைப்பு கிடைத்தது, 1947இல் ஆண்களும் சேர்ந்தார்கள்.

அதே விவாதம் 1946இல் போர் கமிட்டியிலும் வந்தது. நாடு முழுக்க 40,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்று கனவு கண்ட அறிக்கை அது. டிப்ளமோ டாக்டர்களை நிறுத்திவிடலாம் என்று பெரும்பான்மை சொல்ல, ஆறு உறுப்பினர்கள் மறுத்தார்கள். அவர்களையும் நிறுத்திவிட்டால் டாக்டர் எண்ணிக்கை எப்படிப் போதும், கிராமத்துக்கு யார் போவது என்ற கேள்வி இன்று வரை நம்ம பிஎச்சி வாசலில் நிற்கிறது.

ஐடா 1960 மே மாதம் கொடைக்கானலில் இறந்தார், வயது 89. அவர் போன அதே குடியாத்தம் ரோட்டில், கே.வி.குப்பத்தில், 1977இல் சிஎம்சி ஒரு பிரிவைத் தொடங்கியது. ருஹ்சா என்பார்கள், ஊரக சுகாதாரமும் சமூக விவகாரமும் பெயரிலேயே சேர்ந்திருக்கும். டாக்டர்கள் கறவை மாடு, கடன், தொழிற்பயிற்சி பற்றியெல்லாம் பேசத் தொடங்கியது அங்கேதான். மரத்தடி கிளினிக்கால் எட்ட முடியாமல் போன இடம் அது.

ஆரணிக்கு இப்போது மாத்திரை வீடு தேடி வருகிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் அக்கா ஒருவர் வந்து கொடுத்துவிட்டுப் போகிறார். பெரிய ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. படுத்திருக்கும் நாளின் கூலி அதில் சேராது. ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். நெசவு நிற்கும், சுவர் ஈரம் காய வாரக்கணக்காகும். சமையல், படுக்கை, தறி எல்லாம் அந்த ஒரே அறையில்தான். அக்கா திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து, போன மாதத்தைவிட ஏறியிருக்கே, என்ன டென்ஷன் என்று கேட்பார். உள்ளே ஒரு சொம்பை வைத்துக் குழியிலிருந்து தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டு இருப்பார்கள்.