ஆபீஸ் முடிந்ததும் ஆராய்ச்சி!

குட்டி விஞ்ஞானிகளே! இலுப்பூருக்கு வடக்கே இருக்கிற திருச்சியில், 1888-ல் பிறந்தவர் சர் சி.வி.ராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. இயற்பியல் படித்தபோது, முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும் சாதாரணக் கருவியில் விசித்திரமான ஒளிப்பட்டைகளைப் பார்த்தார். விடாமல் ஆராய்ந்து கட்டுரை எழுதினார். 1906-ல் அது லண்டன் அறிவியல் இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18!

படித்து முடித்தபின் ஆராய்ச்சி செய்ய வேலை கிடைக்குமா? அந்தக் காலத்தில் அது அரிது. அதனால் 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி ஆனார். அங்கே பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தைக் கண்டதும் அவருக்கு ஒரே குஷி! ஆபீஸ் போகும் முன்பும், திரும்பிய பின்பும் அங்கேதான் இருப்பார்.

1917-ல் அதிகாரி வேலையை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்தில் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். பௌபஜார் ஆய்வகத்தை மட்டும் விடவில்லை. அங்கேதான் 1928 பிப்ரவரி 28 அன்று, கே.எஸ்.கிருஷ்ணன் துணையுடன் 'ராமன் விளைவை'க் கண்டறிந்தார். ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறு பகுதியின் நிறம் மாறுகிறது என்பதே அது. 1930-ல் நோபல் பரிசு தேடி வந்தது.

உங்கள் பள்ளியில் முப்பட்டகம் இருக்கிறதா? அடுத்த முறை கையில் எடுத்தால், கொஞ்சம் உற்றுப் பாருங்கள்!