அடிஷம் தந்த பெயர்

எல்ல நிலையத்திலிருந்து மேல்நோக்கிச் செல்லும் புகைவண்டி பண்டாரவளையையும் தியத்தலாவையையும் கடந்து அப்புத்தளையை அடைகிறது. அவ்வூருக்கு அப்பால், தங்கமலைக் காட்டின் ஓரத்தே, கல்லால் எழுந்த மாளிகை ஒன்று உண்டு. அடிஷம் என்பது அதன் பெயர். ஊவாவின் குளிரிலே ஆங்கிலப் பூங்கா ஒன்றை மலர்விக்க விழைந்த சேர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸின் இல்லம் அது.

வில்லியர்ஸ் 1869ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலுள்ள அடிஷம் என்னுஞ் சிற்றூரில், பாதிரியார் ஒருவரின் மைந்தராகப் பிறந்தார். இருமுறை பிரதமராக விளங்கிய ஜோன் ரஸல் பிரபு அவருடைய தாய்வழிப் பாட்டனார். அவர் பிறந்த அதே ஆண்டிலேதான் ஊவாவின் மடுல்சீமையில் கோப்பி இலைகளில் துரு நோய் காணப்பட்டது. சில ஆண்டுகளில் கோப்பிச் செல்வம் அழிந்தது. மலைகளைத் தேயிலை மூடியது. 1887இல் வில்லியர்ஸ் இலங்கைக்கு வந்து, நோர்வூட்டின் எல்பெத்த தோட்டத்தில் தொழில் பழகும் சின்னத்துரையானார். காலப்போக்கில் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் நிறுவனத்தின் தலைவராகவும், சட்டநிரூபண சபையில் ஐரோப்பியரின் பிரதிநிதியாகவும் உயர்ந்தார். இங்கிருந்த ஆங்கில வணிக நிறுவனங்களின் வரலாற்றைத் தொகுத்து 1940இல் நூலொன்றும் வெளியிட்டார்.

செல்வமும் செல்வாக்கும் எய்தியபின் அவர் நெஞ்சம் பிறந்த ஊரை நாடிற்று. கென்றிலுள்ள லீட்ஸ் கோட்டையின் சாயலில் 1931இல் மாளிகையை எழுப்பித் தம் ஊரின் பெயரையே அதற்குச் சூட்டினார். சுற்றிலும் புல்வெளியும் ரோஜாப் பாத்திகளும் அமைந்தன.

கல்லைக் கோட்டையாக்குதல் எளிது. ரோஜாவின் இயல்பை மாற்றுதல் அரிது. ஐரோப்பாவின் பழைய நறுமண ரோஜாச் செடிகளுட் பல, கடும் பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, கோடையில் ஒருமுறை பூப்பவை. கடல்மட்டத்துக்கு 1,400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் குளிருண்டு. அவை உறங்குவதற்கேற்ற பனிக்காலம் இல்லை. ஆகையால் இங்கு அவை தழைக்குமேயன்றி நன்கு பூப்பதில்லை. சீன ரோஜாக்களோ ஆண்டு முழுதும் பூப்பவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்துமாக்கடலின் பூர்போன் தீவிலே டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து புதிய இனம் தோன்றியது. ஒன்றன் மணமும் மற்றதன் ஓயாப் பூப்பும் அதனிடம் பொருந்தின. தமிழ்நாட்டுப் பூச்சந்தைகளில் எட்வர்ட் ரோஜா என வழங்குவது அவ்வினத்தைச் சேர்ந்ததே.

இத்தகைய செடிகளுக்கும் ஓய்வு வேண்டும். பருவம் அளிக்காத ஓய்வைக் கத்தியே அளிக்கிறது. மூப்பெய்திய கிளைகளை வெட்டி, காற்றும் ஒளியும் உள்ளே புகுமாறு செய்தால், புதுத் தளிரின் நுனியில் மொட்டு எழும். மூடுபனியில் இலைகளைத் தாக்கும் கரும்புள்ளி நோயும் தணியும். தேயிலைத் தோட்டத்தில் இவ்வேலையைக் கவ்வாத்து என்பர். அதனைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து கைதேர்ந்தவர்கள் மலையகத் தமிழரே. வில்லியர்ஸின் செல்வம் விளைந்த தேயிலை மலைகளும் அவர்களாலேயே பண்பட்டன. அவர்களின் பெயரை எந்த மாளிகையும் தாங்கவில்லை.

கடல் கடந்து வந்த வில்லியர்ஸ், தாம் பிறந்த ஊரை இம்மலையில் பெயராக நிறுத்தினார். கடல் கடந்து வந்தோரின் மக்களாய் இம்மலையிலேயே பிறந்தவர்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிற்று. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே அவ்வுரிமை கிட்டியது.

வில்லியர்ஸ் 1959இல் மறைந்தார். மாளிகை கைமாறி, 1960களில் பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாயிற்று. இன்று அங்குச் செல்வோர் அதன் கற்சுவர்களையும் ரோஜாக்களையும் கண்டு வியக்கின்றனர். மலையிறங்குமுன் அவர்கள் சுற்றியுள்ள தேயிலைச் சரிவுகளையும் ஒருமுறை நோக்குவார்களாயின், அத்தோட்டத்தின் வரலாறு அவர்களுக்கு முழுமையாக விளங்கும்.