செல்பர்ன் தந்த அறிஞர்

காலம் மாறுவதை மனிதன் நாள்காட்டியைக் கண்டு அறிகின்றான். காட்டில் வாழும் உயிர்களுக்கோ நாள்காட்டி இல்லை. ஆயினும் அவை உரிய காலத்தில் வருகின்றன, கூடு கட்டுகின்றன, உணவு சேர்க்கின்றன, உரிய காலத்தில் மறைகின்றன. அவ்வுயிர்களின் செயல்களையே நாள்காட்டியாகக் கொண்டு, ஒரு சிற்றூரின் பருவங்களை ஆண்டுதோறும் எழுதி வைத்த அறிஞர் ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவர் பெயர் கில்பர்ட் ஒயிட்.

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயர் என்னும் மாவட்டத்தில் செல்பர்ன் என்ற சிற்றூர் உள்ளது. ஊரை அடுத்த குன்றின் சரிவில் பீச் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. இவ்வூரில் 1720ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18ஆம் நாள் ஒயிட் பிறந்தார். அப்போது அவர்தம் பாட்டனார் அவ்வூர்க் கோயிலின் தலைமைக் குருவாக இருந்தார். ஆக்ஸ்போர்டு நகரிலுள்ள ஓரியல் கல்லூரியில் பயின்று, 1743ஆம் ஆண்டு பட்டம் பெற்ற ஒயிட், தாமும் சமயப் பணியை மேற்கொண்டார். ஆனால், செல்பர்னின் தலைமைக் குருவை அமர்த்தும் உரிமை வேறொரு கல்லூரியிடம் இருந்தமையால், பாட்டனார் வகித்த பதவி அவருக்குக் கிட்டவில்லை. துணைக்குருவாகவே அவர் பணி புரிந்தார். எனினும், பிறந்த ஊரின்மீது கொண்ட பற்றுக் குறையவில்லை. திருமணம் செய்துகொள்ளாமல், வாழ்நாளின் பெரும்பகுதியை அவ்வூரிலேயே கழித்தார்.

1751ஆம் ஆண்டில், தம் தோட்டத்தில் விதைத்தவற்றையும் விளைந்தவற்றையும் குறித்து வைக்கத் தொடங்கினார். 1768 முதல் அக்குறிப்பு, இயற்கை முழுவதையும் தழுவிய நாட்குறிப்பாக வளர்ந்தது. காற்றும் மழையும் வெப்பமும் அதில் இடம்பெற்றன. எந்தப் பறவை என்று வந்தது, எந்த விலங்கு என்று வெளிப்பட்டது என்பனவும் இடம்பெற்றன.

அந்நாளில் அறிஞர் பலர் உயிரற்ற உடல்களை வைத்தே விலங்குகளை ஆராய்ந்தனர். ஒயிட் அவை வாழும் இடத்திற்கே சென்று பார்த்தார். காது கொடுத்துக் கேட்டார். இளவேனிலில் செல்பர்னுக்கு வரும் சிறு பறவைகள் சில, உருவில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அவற்றின் பாட்டு வேறுபடுவதைக் கேட்டு, அவை மூன்று இனங்கள் என்று ஒயிட் தெளிந்தார். அம்மூன்றனுள் ஒன்று இளவேனிலின் தொடக்கத்திலேயே வந்துவிடும். மற்றொன்று பிந்தி வந்து, பீச் மரங்களின் உச்சியில் அமர்ந்து பாடும்.

இலையுதிர்காலம் வந்ததும் காட்டில் ஹேசல் கொட்டைகள் முற்றும். அணில் அக்கொட்டையைப் பற்களால் இரண்டாகப் பிளந்து உண்ணும். வயலெலி அதில் ஒழுங்கான சிறு துளையிட்டு உண்ணும். கொட்டையை மரப்பிளவில் இறுகப் பொருத்தி, அலகால் கொத்தி உடைக்கும் பறவையும் ஒன்று உண்டு. வெறும் ஓட்டைக் கண்டே, உண்டது எது என்று ஒயிட் கூறிவிடுவார். பனிக்காலம் நெருங்கும்போது முள்ளெலி இலைகளையும் பாசியையும் சேர்த்து உறைவிடம் அமைப்பதையும், கதிர்களிடையே வாழும் மிகச் சிறிய அறுவடை எலி மண்ணுக்குள் புல்மெத்தை அமைப்பதையும் அவர் எழுதினார். அவ்வெலியைப் பற்றி முதன்முதலில் விளக்கமாக எழுதியவர் அவரே.

இத்தனையும் கண்டவரை ஒரு வினா இறுதிவரை வருத்தியது. இளவேனிலில் வரும் தகைவிலான் குருவிகள் இலையுதிர்காலத்தில் மறைந்து எங்கே செல்கின்றன? அவை நீருக்கு அடியில் உறங்குகின்றன என்று நம்பியவர்களும் அந்நாளில் இருந்தனர். ஜிப்ரால்டரில் வாழ்ந்த ஒயிட்டின் தம்பி ஜான், பறவைகள் கூட்டமாகக் கடலைக் கடந்து செல்வதைக் கண்டு எழுதியிருந்தார். அதனால் பல பறவைகள் வேற்று நாடு செல்கின்றன என்பதை ஒயிட் ஏற்றார். ஆயினும், பனிக்காலத்தின் வாயிலில் வெயில் காயும் சில நாட்களில், அவ்வினத்தைச் சேர்ந்த குருவிகள் சில செல்பர்னில் திடீரெனத் தோன்றுவதையும் அவர் கண்டிருந்தார். ஆகவே, சில குருவிகள் அண்மையிலேயே ஒளிந்து உறங்கக்கூடும் என்ற ஐயம் அவரை விட்டு அகலவில்லை. புதர்களையும் பொந்துகளையும் ஆட்களைக் கொண்டு தேடச் செய்தார். உறங்கும் குருவி ஒன்றேனும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

அறிஞர் இருவர்க்கு அவர் எழுதிய கடிதங்கள் தொகுக்கப்பெற்று, 'செல்பர்னின் இயற்கை வரலாறு' என்னும் நூலாக 1789ஆம் ஆண்டு வெளிவந்தன. நூல் புகழ் பெற்ற பின்னும் அவருடைய நாட்குறிப்பு நிற்கவில்லை. 1793ஆம் ஆண்டு சூன் திங்கள் 26ஆம் நாள் அவர் மறைந்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு வரை அவர் எழுதிக்கொண்டே இருந்தார். வினாவிற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

அவ்விடை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே கிடைத்தது. 1911ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காலில் வளையம் பூட்டி விடப்பட்ட தகைவிலான் ஒன்று, 1912ஆம் ஆண்டு திசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் அகப்பட்டது. செல்பர்னின் புதர்களில் ஒயிட் தேடிய குருவிகள், பல ஆயிரம் கல் தொலைவு பறந்து சென்றிருந்தன!

ஒயிட்டின் ஐயம் பிழையாயிற்று. அவர் குறித்த நாட்கள் பிழையாகவில்லை. அவர் போன்றோர் எழுதி வைத்த குறிப்புகளோடு இக்காலத்து நாட்களை ஒப்பிட்டு, இளவேனில் முன்னிலும் விரைந்து வருவதை அறிஞர்கள் அறிகின்றனர். கண்டதைக் கண்டவாறு எழுதுதலும், காணாததைக் கண்டதாகக் கூறாமையும் அறிவுத்துறையின் அடிப்படை அறங்கள் ஆகும். அவ்வறங்களைப் பேணுவதற்குப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும், நாள்தோறும் உற்று நோக்கும் பொறுமையுமே போதும். செல்பர்னின் துணைக்குரு தம் வாழ்க்கையால் உலகிற்கு உணர்த்திய உண்மை இதுவே.