ஏழு வயதில் எழுந்த வினா

பன்னிரு சிந்தனைகளுள் நிலையாமையையே முதலாவதாக வைத்தனர் நம் ஆசாரியர்கள். ஆயினும் அது முதுமைக்கு உரியது என்று நம்மிற் பலர் ஒதுக்கிவிடுகிறோம். ஏழு வயதிலேயே அச்சிந்தனை வாய்க்கப்பெற்று, தம் குறுகிய வாழ்நாள் முழுவதையும் அதன் வழியே நடத்திய பெருந்தகையார் ஸ்ரீமத் ராஜ்சந்திரர்.

இவர் 1867ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், குஜராத்தில் சௌராட்டிரப் பகுதியைச் சார்ந்த வவாணியா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ரவ்ஜிபாய், அன்னையார் தேவபாய். பாட்டனார் கண்ணபிரானை வழிபட்டவர். அன்னையாரோ சமணக் குடியில் வந்தவர்.

ராய்சந்த் என அழைக்கப்பெற்ற அச்சிறுவரிடம் அன்பு பாராட்டி வந்த அமீசந்த் என்பார் ஒருநாள் பாம்பு தீண்டி மாண்டார். இறத்தல் என்றால் யாது எனச் சிறுவர் பாட்டனாரை வினவினார். பாட்டனார் முதலில் பேச்சை மாற்ற முயன்றார், சிறுவர் விடவில்லை. உயிர் நீங்கிய உடல் இனி அசையாது, உண்ணாது, பேசாது என்றும், குளக்கரையில் அதனை எரியூட்டுவர் என்றும் இறுதியில் எடுத்துரைத்தார். சிறுவர் ஒருவரும் அறியாமல் குளக்கரைக்குச் சென்று, கருவேல மரத்தில் ஏறி, சிதை எரிவதைக் கண்டார். தம்மிடம் அன்புடன் பேசியது அவ்வுடலா, உடலினின்று நீங்கிய வேறொன்றா என்னும் ஆராய்ச்சி அவருள்ளத்தில் எழுந்தது. அப்போது முற்பிறப்புணர்வும் தோன்றிற்று என அவர்தம் வரலாறு கூறும்.

நூறு செயல்களை ஒருசேர மனத்தில் இருத்தும் சதாவதான ஆற்றலை 1887இல் பம்பாய் அவையில் அவர் காட்டியபோது வயது பத்தொன்பதே. புகழ் தேடி வந்தது. ஆயினும் ஆன்ம நலத்திற்கு இது துணையாகாது என உணர்ந்து, விரைவில் அக்கலையைக் கைவிட்டார். மரணத்தை அளவுகோலாகக் கொண்டவர்க்குக் கைதட்டல் பெரிதாகத் தோன்றவில்லை.

அதற்காக அவர் கடமையைத் துறந்தாரல்லர். மணம் புரிந்து மக்களைப் பெற்றார். பம்பாயில் முத்து, மணி வணிகம் நடத்தினார். 1891இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய இளைஞர் காந்தியடிகள் அவரைச் சந்தித்தார். பெருந்தொகைக்குரிய வணிகப் பேச்சு முடிந்தவுடன் அவர் ஆன்ம சிந்தனைக் குறிப்பேட்டைத் திறந்து அமர்வதைக் கண்டு வியந்தார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்கள் எழுந்தபோது, அவருக்கே மடல் எழுதித் தெளிவு பெற்றார்.

முதியவரான சௌபாக்கியபாய் என்னும் அன்பர், மனப்பாடம் செய்தற்கு எளிதாக மெய்ப்பொருளைச் செய்யுளில் அருளுமாறு வேண்டினார். 1896இல் நடியாத் நகரில் ஓரிரவு, ஒரே அமர்வில், 142 பாக்களாலான ஆத்மசித்தியை ராஜ்சந்திரர் இயற்றினார். ஆன்மா உண்டு, அது அழிவற்றது, வினையைச் செய்வதும் அதன் பயனைத் துய்ப்பதும் அதுவே, வீடுபேறு உண்டு, அதற்கு வழியும் உண்டு என்னும் ஆறு உண்மைகளை அந்நூல் நிறுவுகிறது. சிதையின் முன் எழுந்த வினாவுக்கு அவர் கண்ட விடை அது. மறு ஆண்டிலேயே சௌபாக்கியபாய் இவ்வுலகை நீத்தார். உரிய காலத்தில் அவருக்கு அந்நூல் கிட்டியது.

பொன்னூர்மலையில் தவமியற்றியவராக நாம் போற்றும் குந்தகுந்தருடைய பஞ்சாஸ்திகாயத்தைக் குஜராத்தியில் பெயர்த்தவரும் இவரே. இருபிரிவினரின் பழம்பெரும் நூல்களையும் வெளியிடப் பரமசுருதப் பிரபாவக மண்டலத்தை 1900இல் தோற்றுவித்தார். நோயுற்று உடல் மெலிந்த நிலையிலும் உள்ளம் தளராது, 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் இராஜ்கோட்டில், முப்பத்து மூன்றாம் வயதில் உடலை நீத்தார்.

இல்லத்தில் இறப்பு நேருங்கால் குழந்தைகளை அப்பால் அனுப்பிவிடுதல் இந்நாளில் வழக்கமாகி வருகிறது. அவர்கள் வினவும்போது பேச்சை மாற்றாமல், உடல் வேறு, உயிர் வேறு என்பதை அன்புடன் எடுத்துரைப்போமாக. நிலையாமையை இளமையில் அறிந்தவர்க்கே, கிடைத்த நாளை நல்வழியில் செலவிடும் காலம் மிகுதியாக வாய்க்கும்.