டேங்க் ஏறிய இருபத்தொரு வயசு

ஆவடிப் பக்கத்து ஆட்களுக்கு டேங்க் என்றால் புதுசு கிடையாது. 1965-ல் நம்ம எச்.வி.எஃப்.பில் முதல் விஜயந்தா தயாரானதிலிருந்து, டேங்க் செய்கிறவர்கள் தெருவுக்கு ஒருத்தராவது உண்டு. ஆனால் அதற்குள் உட்கார்ந்து போருக்குப் போன பையன்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அப்படி ஒருவரைப் பற்றி இந்த மலரில் நாலு வார்த்தை.

இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் 1950 அக்டோபர் 14-ல் புனேயில் பிறந்தவர். அப்பா ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் அதிகாரி. சனாவர் லாரன்ஸ் பள்ளி, தேசிய பாதுகாப்பு அகாடமி, டேராடூன் ராணுவ அகாடமி என்று படித்து, 1971 ஜூனில் 17 பூனா ஹார்ஸ் டேங்க் படையில் சேர்ந்தார்.

அகமத்நகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருந்தபோது போர் மேகம் சூழ்ந்தது. பயிற்சியைப் பாதியில் நிறுத்தி எல்லோரையும் படைக்குத் திருப்பி அனுப்பினார்கள். போகிற வழியில் டெல்லி வீட்டில் கொஞ்ச நேரம். லீவு என்று சொன்னால் அவ்வளவுதான் லீவு! பெட்டி கட்டும்போது கோல்ஃப் மட்டைகளையும், விருந்துக்குப் போடும் நீல யூனிஃபார்மையும் எடுத்து வைத்தாராம். எதற்கு என்று அப்பா கேட்டதற்கு, லாகூரில் கோல்ஃப் ஆடப் போவதாகவும், ஜெயித்தபிறகு விருந்து நடக்குமே, அதற்கு உடை வேண்டாமா என்றும் சொன்னாராம். அம்மா, தாத்தாவும் அப்பாவும் சிப்பாய்கள் என்பதை ஞாபகப்படுத்தி, சிங்கம் மாதிரி போராடு, கோழையாகத் திரும்பி வராதே என்று சொல்லி அனுப்பினார்.

1971 டிசம்பர் 16. ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரைச் சண்டை. ஃபமகுஸ்தா என்று பெயரிட்ட செஞ்சூரியன் டேங்கில் அருண். எதிரி டேங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கின. அவர் டேங்கும் அடிபட்டுத் தீப்பிடித்தது. இறங்கிவிடு என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தும், பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று சொல்லி இறங்க மறுத்தார். அடுத்த குண்டில் உயிர் போனது. அதே நாளில்தான் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் சண்டை நிறுத்தம். அருணுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது.

2001-ல், 81 வயதில், அந்த அப்பா தான் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். அங்கே வீட்டில் தங்கவைத்து உபசரித்த பிரிகேடியர் நாசர், கிளம்புவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொன்னார். அருணைக் கொன்ற டேங்கில் இருந்தது அவர்தான்.

காலேஜில் படிக்கும்போது இந்தக் கதையில் எனக்குத் தெரிந்தது வீரம் மட்டும்தான். இப்போது நானும் ஒரு பையனுக்கு அப்பா. அந்த வீட்டில் பெட்டி கட்டிய நேரம்தான் கண்முன் நிற்கிறது. தைரியம் சொல்லி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திய பிறகு அந்த இரண்டு பேரும் என்ன செய்திருப்பார்கள்?

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, ஃபைனல் இயரில் உங்களுக்கும் வயசு இருபத்தொன்றுதான். லீவில் வீட்டுக்குப் போனால் கிளம்புவதற்கு முன் அம்மா அப்பாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.