பகுத்துணர்ந்த பேரறிஞர்

நீண்டதொரு கூட்டற் கணக்கின் விடை பிழைபடுமாயின், முழுவதையும் மீண்டும் மீண்டும் கூட்டி அல்லலுறுகிறோம். ஒன்று, பத்து, நூறு என்னும் இடந்தோறும் வந்த தொகையைத் தனித்தனியே குறித்து வைத்திருப்போமாயின், பிழை எவ்விடத்துப் புகுந்தது என்பது எளிதிற் புலனாகும். இவ்வெளிய உண்மையைக் கணிப்பொறிக்குப் பொருத்திக் காட்டியவர் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலப் பேரறிஞர்.

இவர் 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் லண்டனிற் பிறந்தார். தந்தையார் சென்னை மாகாணத்தில் ஐ.ஸி.எஸ். பதவி வகித்தவர், தாயார் பிறந்ததோ கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில். கேம்பிரிட்ஜிற் பயின்ற டூரிங், கட்டளைகளைப் படிப்படியாக நிறைவேற்றும் பொறியொன்றை மனத்தாற் கற்பித்து, 1936-இல் கணிப்பொறி இயலுக்கு அடிகோலினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் எனிக்மா மறைமொழியை வெளிப்படுத்தப் பொறியொன்றை வகுத்தார். முரண்பட்ட அமைப்புகளைத் தள்ளி, எஞ்சியவற்றையே ஆராயுமாறு விடுவது அதன் தொழில்.

போர் முடிந்தபின் கணிப்பொறிகள் உண்மையிலேயே எழுந்தன. அவற்றுக்கு எழுதும் நிரல்களோ நீண்டன. ஒரு கட்டளை வழுவினும் வேலை முழுதும் கெட்டது. 1949-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கேம்பிரிட்ஜிற் கூடிய மாநாட்டில் டூரிங் இதற்கொரு வழி கூறினார். நிரலைப் பல பகுதிகளாக்குக. ஒவ்வொரு பகுதியும் தொடங்கும்போதும் முடியும்போதும் எந்த எண் எவ்விடத்து இருத்தல் வேண்டும் என்பதை முன்னரே எழுதுக. பின்னர் ஒவ்வொன்றையும் தனியே சரிபார்க்க. எல்லாப் பகுதியும் ஒத்துவரின் முழுமையும் செம்மையுடையது. எங்கு ஒவ்வாதோ, பழுது அங்கேயே உளது. நிரல் முடிவின்றிச் சுழலாது ஓரிடத்து நிற்கும் என்பதையும் காட்டுதல் வேண்டும் என்றார். இன்றும் நிரலொன்று இடையில் நிலைகுலையுங்கால், அறிந்தோர் அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்தே சோதிக்கின்றனர்.

இத்தகையாரை அவர் நாடு எங்ஙனம் நடத்திற்று? ஆடவரொருவரோடு கொண்ட உறவுக்காக 1952-இல் நீதிமன்றம் இவரைக் குற்றவாளியென்றது. சிறைக்கு ஈடாக உடலை மாற்றும் மருந்தினை ஏற்க நேர்ந்தது. அரசாங்க இரகசியப் பணியும் பறிபோயிற்று. 1954-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், 41-ஆம் வயதில், நஞ்சினால் இறந்தார். அரச மன்னிப்பு வந்ததோ 2013-இல்.

நண்பர்காள்! பழுது அம்மனிதரிடத்து இல்லை, சட்டத்தில் இருந்தது. பழுதின் இடமறியாது பழியை ஏற்றுதல் பொறிக்கும் கேடு, மாந்தர்க்குப் பெருங்கேடு என்பதை நாம் மறவாதிருப்போமாக.