தலைமை நீதிபதி ஜான் மார்ஷல்

தமக்குத் தொடர்புள்ள வழக்கில் தாமே தீர்ப்பளித்தல் தகாது என்பது யாவரும் ஒப்பும் நெறி. அந்நெறியை ஒரே மனிதர் ஓரிடத்துக் கைக்கொண்டும் மற்றோரிடத்துக் கைவிட்டும் வாழ்ந்ததை அறிய விரும்புவோர், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 34 ஆண்டுகள் தலைமை நீதிபதியாக வீற்றிருந்த ஜான் மார்ஷலின் வாழ்க்கையைப் பயிலல் வேண்டும். அதனைச் சுருக்கமாக இம்மலரில் தர விழைகின்றோம்.

மார்ஷல் 1755 செப்டம்பர் 24 ஆம் நாள் வர்ஜீனியாவில் ஒரு மரக்குடிலில் பிறந்தார். பதினைந்து மக்களுள் மூத்தவர். தந்தையார் நில அளவையாளர். இளமையில் விடுதலைப் போரிற் சேர்ந்து, வாலி ஃபோர்ஜ் பாசறையின் கொடுங்குளிரை வாஷிங்டனின் படையோடு தாங்கினார். பின்னர் ஜார்ஜ் வித் என்னும் பேராசிரியரிடம் சிறிது காலம் சட்டம் கேட்டார். அவர் பெற்ற முறையான சட்டக் கல்வி அவ்வளவே. மெட்ரிகுலேஷனோடு நின்ற நம் போன்றோர்க்கு இது சிறிது ஆறுதலான செய்தி! 1783 இல் மேரி ஆம்ப்ளர் என்னும் நங்கையை மணந்தார்.

வழக்கறிஞராகப் புகழ் பெற்ற அவரைக் குடியரசுத் தலைவர் ஆடம்ஸ் வெளியுறவு அமைச்சராக்கினார். 1801 ஜனவரியில் தலைமை நீதிபதியாகவும் நியமித்தார். ஆடம்ஸின் ஆட்சி முடியும் மார்ச்சு மாதத் தொடக்கம் வரை இரு பணிகளையும் மார்ஷல் ஒருங்கே பார்த்தார். தொல்லை அங்குதான் பிறந்தது. ஆடம்ஸ் தம் இறுதி நாட்களில் தலைநகர்ப் பகுதிக்கு 42 சமாதான நீதிபதிகளை நியமித்தார். ஆணைகளில் ஆடம்ஸ் ஒப்பமிட்டார்; மார்ஷல் முத்திரை பதிப்பித்தார். ஆனால் அவற்றுட் சில உரியவர் கைக்குச் சேரவில்லை. தபால் அனுப்பும் பிரிவில் ஒரு மாதமேனும் பணிபுரிந்தவர் இதற்கு வியக்கமாட்டார். ஒப்பமும் முத்திரையும் பெற்ற காகிதம் மேசையிலேயே தங்கிவிடுதல் நாம் காணாத காட்சியன்று. அடுத்து வந்த ஜெபர்சன் அவற்றைக் கொடாது நிறுத்தவே, வில்லியம் மார்பரி முதலியோர் புதிய அமைச்சர் மாடிசன் மீது உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர்.

முத்திரை இட்டவர் மார்ஷல். அனுப்பத் தவறியது அவர் அலுவலகம். சில ஆணைகளைக் கொண்டு சென்று கொடுக்க இயலாது திரும்பிய அவர் தம்பி ஜேம்ஸே வழக்கில் பிரமாணப் பத்திரம் தந்தார். இத்தனைக்கும் பின் மார்ஷலே அமர்ந்து, 1803 பிப்ரவரி 24 ஆம் நாள் தீர்ப்பையும் தாமே எழுதினார். மார்பரிக்கு உரிமை உண்டு. ஆயினும் அவர் நேரே இம்மன்றத்துக்கு வர இடந்தந்த சட்டப் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் ஆதலின் செல்லாது என்றார். நாடாளுமன்றச் சட்டத்தை நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளும் வழி இத்தீர்ப்பினால் உறுதிப்பட்டது.

நம் அலுவலகத்தில் தம் பயணப்படி மசோதாவைத் தாமே தணிக்கை செய்ய எவரையும் விடுவதில்லை. அக்கண் கொண்டு நோக்கின் மார்ஷல் விலகியிருக்க வேண்டும் என்றே கூறுவோம். அவர் அறியாதவரும் அல்லர்: ஆறே நாட்கள் கழித்து வந்த ஸ்டூவர்ட் வழக்கில், கீழ்மன்றத்தில் தாமே விசாரித்தது என்பதற்காக ஒதுங்கிக் கொண்டார். ஆனால் ஒன்றையும் மறைத்தலாகாது. அந்நாளில் நீதிபதிகள் அறுவர். அமர்வுக்கு நால்வர் வேண்டும். மார்பரி வழக்கில் இருவர் கலந்துகொள்ளவில்லை. மார்ஷலும் எழுந்து போயிருந்தால் அமர்வே இல்லை.

பேர்பாக்ஸ் நில வழக்கில் அவர் நடந்துகொண்டது வேறு. அந்நிலங்களை வாங்கியதில் அவர்க்கும் தம்பிக்கும் பங்குண்டு. ஆதலின் 1813 இலும் 1816 இலும் அவர் அமரவில்லை; ஸ்டோரி என்னும் நீதிபதியே தீர்ப்பெழுதினார். எனினும், மேல்முறையீட்டு மனு மார்ஷலின் கையெழுத்தில் உள்ளதெனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டு எழுதியுள்ளனர். மன்றத்தை விட்டு எழுந்தவர் திரைக்குப் பின்னே நின்றார் போலும்!

1819 இல் மத்திய வங்கி பற்றிய மெக்கல்லக் வழக்கு வந்தபோது, அவ்வங்கியில் தமக்கிருந்த பங்குகளை விற்றுவிட்டார். இது நன்று. ஆனால் தீர்ப்பை வர்ஜீனியப் பத்திரிகைகள் தாக்கவே, அரசியலமைப்பின் நண்பன் என்பது முதலான புனைபெயர்களில் தம் தீர்ப்பைத் தாமே புகழ்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். எதிர்த்து எழுதியவரும் புனைபெயர் பூண்ட ஒரு நீதிபதியே!

நம் நெஞ்சை உறுத்துவது 1813 இல் வந்த மிமா குயீன் வழக்கு. தம் முன்னோர் சுதந்திரமானவர் என்று கூறி அவ்வடிமைப் பெண் விடுதலை வேண்டினாள். அவள் காட்டியது செவிவழிச் சான்று. அது செல்லாதென மார்ஷல் தீர்ப்பெழுத, டுவால் என்னும் நீதிபதி ஒருவர் மட்டும் மறுத்தார். மார்ஷலே பல அடிமைகளை உடையவர். அவர் விலக வேண்டுமென அன்று எவரும் கேட்கவில்லை. நிலத்தில் பங்குடைமையைத் தடையெனக் கண்டவர், மனிதரை உடைமையாகக் கொண்டிருந்ததைத் தடையெனக் காணவில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் எழுத்து வடிவில் நடத்தை விதிகளை வெளியிட்டது 2023 நவம்பரில்தான். விலகுவதா என்பதை அந்தந்த நீதிபதியே முடிவு செய்வது இன்றும் மாறவில்லை. நம் நாட்டிலும் முறை அதுவே.

மார்ஷல் 1835 ஜூலை 6 ஆம் நாள் பிலடெல்பியாவில் காலமானார். ரிச்மண்டில், 1831 இல் மறைந்த மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். கல்லறை வாசகத்தைத் தாமே எழுதி வைத்திருந்தார். பெற்றோர் பெயர், பிறந்த நாள், மணந்த நாள், மறைந்த நாள் ஆகியவையே அதில் உள்ளன. தலைமை நீதிபதி என்ற சொல் அதில் இல்லை.